பிள்ளையிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கும் முன்

பள்ளிக்கூடம் மூன்றரை, நான்கு மணிக்கு விட்டுவிடுகிறது. ஆபீஸ் ஆறு மணிக்கு முன்னால் விடுவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்தோ அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்தோ டிராஃபிக்கைத் தாண்டி வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். நடுவே இருக்கிற மூன்று நான்கு மணி நேரத்தைச் சில வீடுகளில் பாட்டி பார்த்துக்கொள்கிறார், சில வீடுகளில் டியூஷன் டீச்சர். மற்ற வீடுகளில் பிள்ளையின் ஸ்கூல் பைக்குள் ஒரு சாவி இருக்கிறது. சென்னையில் இன்று இது வெகு சாதாரணம். இதற்காகப் பெற்றோர் மனசுக்குள் கருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

‘தனிப்பட்ட பாதுகாப்பு’ என்று பள்ளிக் கூட்டங்களில் சொல்கிறார்களே, அதில் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், ‘இது சரியில்லை’ என்று பிள்ளைக்குத் தானாகப் பிடிபட வேண்டும். பிடிபட்டதும் அந்த இடத்தைவிட்டு நகரத் தெரிய வேண்டும். நகர்ந்த பிறகு யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். நாம் முதல் விஷயத்துக்கே மூச்சு முட்டப் பேசுகிறோம்: அவன் கெட்டவன், இது ஆபத்து, அங்கே போகாதே. மூன்றாவதை, அதாவது வந்து சொல்வதை, அநேகமாக எந்த வீட்டிலும் பழக்குவதே இல்லை. பிள்ளையைக் கடைசியில் காப்பாற்றுவது பெரும்பாலும் அதுதான் என்பது என் கருத்து.

பிள்ளை பிடிக்கிறவன்

நம் ஊரில் பாதுகாப்புப் பாடம் என்றாலே பிள்ளை பிடிக்கிறவன் கதைதான். தோளில் சாக்கு, கையில் சாக்லேட், பார்த்தாலே பயமாக இருக்கும் முகம். இந்தக் கதை பெரியவர்களின் தலையிலும் எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது என்பது 2018 மே மாதம் தெரிந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் சென்ற சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. வாட்ஸ்அப்பில் பிள்ளை கடத்தல் வதந்தி பறந்துகொண்டிருந்த நேரம். கூட்டம் கூடி அடித்ததில் அந்தக் குடும்பத்தின் மூதாட்டி இறந்துபோனார்.

உண்மை நிலவரம் வேறு மாதிரி இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்கில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். குடும்பத்தினர், அக்கம்பக்கத்தார், பழகியவர். அயனாவரம் வழக்கு பலருக்கு நினைவிருக்கும். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோரு வயதுச் சிறுமிக்கு மாதக்கணக்கில் நடந்த கொடுமை 2018 ஜூலையில் வெளியே வந்தபோது கைதானவர்கள் லிஃப்ட் இயக்குபவர், காவலாளிகள், பிளம்பர் என்று அந்தக் கட்டடத்தில் தினமும் வளைய வந்தவர்கள். 2020 பிப்ரவரியில் 15 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியூரிலிருந்து வந்த அக்காவிடம் அந்தப் பெண் சொன்ன பிறகுதான் விஷயமே வீட்டுக்குத் தெரிந்தது.

ஆகவே ‘தெரியாதவங்ககிட்ட பேசாதே’ என்ற பாடம் பாதிக்கும் குறைவான பாடம். போதாக்குறைக்கு அது தொந்தரவும் செய்கிறது. ரங்கநாதன் தெருவில் தொலைந்துபோன பிள்ளைக்கு உதவப்போகிறவர் தெரியாதவர்தானே?

ஆளை எடைபோடச் சொல்லாமல், அந்த ஆள் என்ன கேட்கிறார் என்பதைக் கவனிக்கச் சொல்லிக்கொடுங்கள். ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்கிறாரா? யாரும் இல்லாத இடத்துக்குக் கூப்பிடுகிறாரா? யோசிக்க நேரம் தராமல் அவசரப்படுத்துகிறாரா? ஜட்டிக்குள் இருக்கிற இடத்தைத் தொட, பார்க்க, படம் எடுக்க, இல்லையென்றால் அவருடையதைத் தொடச் சொல்கிறாரா? இதில் ஏதாவது ஒன்று நடந்தாலும், கேட்பவர் தாத்தாவாக இருந்தாலும் டியூஷன் சாராக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்து வந்துவிடலாம். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்க்கிற நாம், எப்போது கேட்க வேண்டாம் என்பதையும் நம் வாயாலேயே சொல்லியாக வேண்டும். நாம் அனுமதி கொடுக்காமல் பிள்ளைக்கு அந்தத் துணிச்சல் வராது.

‘குட் டச், பேட் டச்’ வகுப்புகள் இப்போது பல பள்ளிகளில் நடக்கின்றன, நல்லதுதான். ஆனால் சின்னப் பிள்ளைக்கு ‘பேட்’ என்றால் வலிக்க வேண்டும், அழுகை வர வேண்டும். பழகியவர் செல்லமாகத் தொட்டால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று அதற்குக் குழப்பமாகிவிடும். ஜட்டி மூடுகிற இடம் என்ற கணக்கில் குழப்பம் குறைவு. குளிப்பாட்டும்போது அம்மா, அம்மா கூடவே இருக்கும்போது டாக்டர், இந்த இரண்டைத் தவிர வேறு யாருக்கும் அங்கே வேலை இல்லை. அந்த உறுப்புகளுக்கு வெட்கப்படாமல் சொல்லக்கூடிய ஒரு பெயரையும் கற்றுக்கொடுத்துவிட்டால், வலித்தால் டாக்டரிடமும் சொல்லும், வேறெதுவும் நடந்தால் உங்களிடமும் சொல்லும்.

இந்தப் பாடத்தைக் கெடுப்பதும் பல சமயம் நாமேதான். விருந்துக்கு வந்த மாமாவுக்கு முத்தம் கொடுக்கப் பிள்ளை மறுக்கிறது. ‘கொடுடா, மாமா கோச்சுக்குவாரு’ என்று தள்ளிவிடுகிறோம். பிடிக்காவிட்டாலும் பெரியவர் கேட்டால் உடம்பைக் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் அது அங்கே கற்றுக்கொள்கிறது. கைகூப்பி வணக்கம் சொன்னால் போதும். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பா பிறந்தநாளுக்குச் சட்டை வாங்கி ஒளித்து வைத்தால், அது அந்த நாள் வந்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். என்றைக்குமே யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒருவர் சொன்னால், அதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட இந்த வித்தியாசம் புரியும்.

இதெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்கிற வீடுகள் இன்னமும் நிறைய. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் பாதிக்குச் சற்று மேலானவர்கள் ஆண்பிள்ளைகள். பையன்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் தனியே

எத்தனை வயதில் தனியே விடலாம்? நம் சட்டம் இதற்கென்று ஒரு வயதைக் குறித்துவைக்கவில்லை. வயதைவிடப் பிள்ளையைப் பாருங்கள். வாசல் பூட்டையும் கிரில் கேட்டையும் யார் உதவியும் இல்லாமல் திறந்து பூட்டுகிறதா? போனைப் பார்க்காமல் உங்கள் நம்பரைச் சொல்கிறதா? கரண்ட் போனால் அலறாமல் டார்ச்சைத் தேடுகிறதா? இந்த மூன்றும் வந்துவிட்டால் முதலில் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போகிற பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். அப்புறம் அரை மணி. மாலை முழுவதும் என்பது பல வாரம் கழித்து வரட்டும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அதோடு சேர்த்துத் தலையில் கட்டுவது வேறு விஷயம். பதினொரு வயது தன்னைப் பார்த்துக்கொள்ளும், நாலு வயதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளாது.

சென்னை ஃப்ளாட்டின் காலிங் பெல்லை யார் யாரெல்லாம் அடிப்பார்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். தண்ணீர் கேன் போடுபவர், கேஸ் சிலிண்டர், கூரியர், சாப்பாடு டெலிவரி, ஈ.பி. ரீடிங், மாநகராட்சி கொசு ஒழிப்புப் பணியாளர், பழைய பேப்பர், நன்கொடை கேட்பவர், மாடி வீட்டு மாமி. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் பாவம், அவர்கள் பிழைப்பைப் பார்க்க வந்தவர்கள். இவர்களில் யார் நல்லவர் என்று கண்டுபிடிக்கிற வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம். தனியாக இருக்கும்போது கதவு யாருக்கும் திறக்காது, அவ்வளவுதான். கேன் வாசலில் இருக்கட்டும், சிலிண்டர் நாளைக்கு வரட்டும், பார்சல் செக்யூரிட்டியிடம் போகட்டும். ‘யாருக்கும்’ என்பதில் விதிவிலக்கு வேண்டுமென்றால் அந்தப் பெயர்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இரண்டு மூன்றுக்கு மேல் போகாமல்.

இதைச் சொல்லிவிட்டால் பிள்ளை செய்துவிடும் என்று நம்ப வேண்டாம். கே.கே. நகரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பையனுக்குப் பத்து வயது. கதவைத் திறக்காதே என்று ஆயிரம் தடவை சொல்லி வளர்த்த பையன். அவன் அறியாத ஒரு தோழியை அனுப்பி, கூரியர் என்று பெல் அடிக்கச் சொன்னார் அவன் அம்மா. பையன் கதவைத் திறக்கவில்லை. லென்ஸ் வழியாகப் பார்த்தான், சமர்த்தாகப் பதிலும் சொன்னான்:

‘அம்மா வீட்ல இல்ல ஆன்ட்டி. ஏழரைக்குத்தான் வருவாங்க. நான் மட்டும்தான் இருக்கேன்.’

கதவு மூடியே இருந்தது, தகவல் முழுக்க வெளியே போய்விட்டது. அவனைக் குறை சொல்லவும் முடியாது. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் அவனுக்கு அதுவரை சொல்லியிருந்தார்கள். அன்று மாலையே அம்மாவும் பையனும் வாசலுக்கு உள்ளேயும் வெளியேயுமாக நின்று வசனம் பழகினார்கள். ‘அப்பா குளிக்கிறாங்க, அப்புறம் வாங்க.’ ‘அம்மா போன்ல இருக்காங்க, வெளியவே வெச்சுடுங்க.’ நாலு தடவை சொன்ன பிறகு குரலில் இருந்த நடுக்கம் போயிற்று. பொய் சொல்லலாமா என்று பையன் கேட்டானாம். பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். எனக்குப் பிடித்த பதில்.

பாதுகாப்புப் பாடங்களில் முக்கால்வாசி இப்படிப்பட்டவைதான். சைக்கிள் ஓட்டுவதைப் போல, உட்காரவைத்துச் சொல்லி வருவதில்லை, செய்ய வைத்துத்தான் வரும். விடாமல் பெல் அடித்தால் என்ன செய்வது, ‘உங்க அம்மாவுக்கு ஆக்ஸிடென்ட், உடனே வா’ என்று ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது என்பதையெல்லாம் விளையாட்டாக நடித்துப் பாருங்கள். ஆக்ஸிடென்ட் கதைக்கு வீட்டுக்குள் ஒரு சங்கேதச் சொல் வைத்துக்கொள்ளலாம். சுண்டைக்காய், திருநீர்மலை, எதுவாக இருந்தாலும் சரி. நிஜமாகவே அம்மா அனுப்பிய ஆளுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும். தெரியாதவரோடு போகக் கூடாது. ஒரு தடவை பயன்படுத்திவிட்டால் சொல்லை மாற்றிவிடுங்கள்.

சாவி விஷயத்தில் நம் ஆட்கள் அலாதி. செருப்பு ஸ்டாண்டு, மீட்டர் பாக்ஸ், துளசி மாடம், இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும் என்று தெருவுக்கே தெரியும். பிள்ளையின் கழுத்தில் வெளியே தெரிகிற மாதிரி தொங்கவிடுவதும் அப்படித்தான். பையின் உள்ஜிப்பில் ஒன்று, நம்பகமான பக்கத்து வீட்டில் ஒன்று இருந்தால் போதும். சாவி தொலைந்துபோனால் எந்த வீட்டில் போய் உட்கார வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்.

இனி ஆட்கள் யாரும் சம்பந்தப்படாத ஆபத்துகள். தனியாக இருக்கும் பிள்ளைக்கு நிஜத்தில் அதிகம் வாய்ப்புள்ளவை இவைதான், ஆனால் பேச்சில் பின்னுக்குப் போய்விடுகின்றன.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவித் தங்கும். ஒரு சுவிட்சைப் போட்டாலும் சரி, அணைத்தாலும் சரி, உள்ளே எழும் சின்னப் பொறியே பற்றவைக்கப் போதும். அதனால் கெட்ட வாடை வந்தால் லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் தொடாமல், கதவைத் திறந்து வெளியே போய், அங்கிருந்துதான் போன் செய்ய வேண்டும். கேஸ் கசிவுக்கென்றே 1906 என்ற எண் இருக்கிறது. அதைவிட எளிய வழி, வெளியே கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போவது. தனியாக இருக்கிற மாலையில் பிள்ளைக்குச் சூடான பலகாரம் எதற்கு? பழமும் ரொட்டியும் போதும்.

தனி வீடுகளில் சம்ப் மூடி. மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போனபின் மூடி சரியாக உட்காராமல் கிடப்பது இங்கே வழக்கம். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற வேலையைப் பிள்ளையிடம் எந்தக் காலத்திலும் சொல்லாதீர்கள். மாடி வீடுகளில் பால்கனியில் ஸ்டூல், நாற்காலி இருக்கக் கூடாது. தனியாக இருக்கும்போது குளியலறையை உள்தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் ஊதிப்போன கதவு மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க ஆளிருக்காது. அயர்ன் பாக்ஸும் ஹீட்டர் ராடும் கைக்கெட்டாத அலமாரிக்குப் போகட்டும். கரண்ட் போனால் மெழுகுவத்தி வேண்டாம், டார்ச். லிஃப்ட் நடுவில் நின்றால் அலாரத்தை அழுத்திவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும், இடுக்கு வழியாக வெளியேற முயலக் கூடாது.

சென்னைக்கே உரிய இன்னொன்று உண்டு: காலை ஏழு மணிக்குக் கலெக்டர் விடுகிற மழை லீவு. பள்ளிக்கு லீவு, ஆபீஸுக்கு இல்லை. திடீரென்று ஒரு நாள் முழுக்கப் பிள்ளை வீட்டில். அக்டோபர் பிறப்பதற்கு முன்பே, அந்த மாதிரி நாளில் எந்த வீட்டுக்குப் போவது என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது. பாதி நாளில் பள்ளியை விட்டுவிட்டால் யார் போய் அழைத்துவருவது என்பதும் அதில் அடக்கம்.

வெளியே கிளம்பினால்

முதலில் சாலை. 2012இல் தாம்பரம் அருகே ஓடுகிற பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள், அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் ஆழ்வார்திருநகரில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் ஏறி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். வேனிலிருந்து இறங்கியதும் பக்கவாட்டில் தள்ளிப் போய் நில், வண்டி கிளம்பும்வரை அதன் முன்னாலோ பின்னாலோ போகாதே, எதையாவது உள்ளே வைத்துவிட்டு வந்தாலும் திரும்ப ஓடாதே. இந்தப் பாடத்தை வேன் நிற்கிற இடத்திலேயே நின்று, டிரைவர் சீட்டிலிருந்து உயரம் குறைந்த பிள்ளை கண்ணுக்குத் தெரியாது என்பதைக் காட்டிச் சொல்லுங்கள். மாநகரப் பேருந்துக்கும் இதே கதைதான். நின்ற பேருந்தின் முன்னால் குறுக்கே பாய்ந்தால், அதை முந்திக்கொண்டு வருகிற பைக்குக்குப் பிள்ளை தெரியாது. பேருந்து போன பிறகு கடந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

பைக்கில் அப்பா தலையில் ஹெல்மெட், முன்னால் நிற்கிற பிள்ளையின் தலையில் காற்று. நான்கு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. பதினெட்டு ஆகாத பையனிடம் ஸ்கூட்டரைக் கொடுத்து அவன் குற்றத்தில் மாட்டினால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. டியூஷனுக்கு நடந்தே போகட்டும்.

தேங்கிய மழைநீருக்குள் சாலையோரமாக நடக்கக் கூடாது. மூடி இல்லாத பாதாளச் சாக்கடையும் வடிகால் பள்ளமும் அதற்குள் தெரியாது. விளக்குக் கம்பம், தெருவோர மின்பெட்டி இரண்டையும் தொடவே கூடாது. அறுந்து கிடக்கிற ஒயரைப் பார்த்தால் வந்த வழியே திரும்ப வேண்டும்.

கூட்டத்தில் தொலைந்துபோவது தனிக் கதை. தி. நகர், மயிலாப்பூர் அறுபத்து மூவர், தீவுத்திடல் பொருட்காட்சி, காணும் பொங்கலன்று மெரினா. அந்த நாளில் மெரினாவுக்கு வரும் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீஸாரே கட்டிவிடுகிறார்கள். அதே யோசனையை மற்ற நாளிலும் நாமே செய்யலாம், சட்டைப் பைக்குள் ஒரு சீட்டு போதும். பெயரை மட்டும் பைக்கு வெளியே பெரிதாக எழுதி ஒட்டாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் தெரிந்தவர்தான் என்று பிள்ளை நம்பிவிடும். கிளம்பும்முன் அன்றைய உடுப்போடு போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், தேடும்போது ‘நீலச் சட்டையா, பச்சையா’ என்று தடுமாற வேண்டியிருக்காது.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது: காணோம் என்று தெரிந்த நொடியில் நின்றுவிடு. தேடிப் போகாதே. அம்மா என்று கத்தினால் அந்தத் தெருவில் நூறு அம்மாக்கள் திரும்புவார்கள், அதனால் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்து. அப்படியும் வரவில்லையென்றால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர், யூனிஃபார்மில் இருக்கும் போலீஸ், குழந்தையோடு வந்திருக்கும் ஒரு பெண், இவர்களில் ஒருவரிடம் போய் நம்பரைச் சொல்லு. நம்பர் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்பது இங்கேதான் தேவைப்படுகிறது. பத்து இலக்கத்தையும் ஏதாவது ஒரு மெட்டில் பாடவிட்டால் மூன்று நாளில் வந்துவிடும். அப்பா பெயர், அம்மா பெயர், தெருப் பெயரும்கூட. ‘அம்மா பேரு என்ன?’ என்று கேட்டால் ‘அம்மா’ என்று சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மின்சார ரயிலுக்கு ஒரு தனி ஏற்பாடு வேண்டும். மாம்பலத்தில் கூட்டம் நெருக்கித் தள்ள, அம்மா இறங்கிவிடுகிறார், பிள்ளை உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அப்போது அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். அம்மா அடுத்த வண்டியில் வந்துவிடுவார். மாறாக, அம்மா வண்டியில், பிள்ளை பிளாட்பாரத்தில் என்றால் நகராமல் அங்கேயே நிற்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் நகரும் வண்டியில் ஏறவோ குதிக்கவோ கூடாது. இதை ரயிலுக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஒரு விடுகதையாகக் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை பெரும்பாலான பிள்ளைகள், தேடிக்கொண்டு கிளம்புவேன் என்றுதான் சொல்லும்.

கையில் போன் இருக்கிற பிள்ளைக்கு வெளியே போகாமலேயே வெளியுலகம் உண்டு. விளையாட்டுக்குள் பேசுகிறவர் போட்டோ கேட்டால், முகவரி கேட்டால், ஓடிபி கேட்டால், மேலே சொன்ன அதே கேள்விகள்தான். பணமோசடிக்கும் இணையக் குற்றத்துக்கும் 1930.

வந்து சொல்கிற பிள்ளை

ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்வோம். தெருநாய் காலைப் பிறாண்டிவிட்டது. ‘நாய்கிட்ட போகாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்’ என்று திட்டு விழும் எனப் பயந்து பிள்ளை ஃபுல் பேண்ட் போட்டுக்கொண்டு மறைத்துவிடுகிறது. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைக்கவைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதே பிள்ளை உடனே வந்து சொல்லியிருந்தால், காயத்தைச் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசியைத் தொடங்கியிருக்கலாம், அரசு மருத்துவமனையில் இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பக் கூடாது. நாயைவிடத் திட்டுக்குப் பயந்ததுதான் அங்கே ஆபத்து.

ஆகவே ‘என்ன நடந்தாலும் என்கிட்ட சொல்லு, திட்ட மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்தால் அதைச் சின்ன விஷயத்தில் காப்பாற்றிக் காட்டியாக வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வந்து சொன்ன அன்று நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதை வைத்துத்தான், பெரிய விஷயத்தைச் சொல்லலாமா என்று பிள்ளை முடிவு செய்யும். தண்டனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. தானாக வந்து சொன்னதற்குத் தண்டனை வேண்டாம். உங்களைத் தவிர இன்னும் இரண்டு பெரியவர்களின் பெயரையும் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, வகுப்பு டீச்சர். சில விஷயங்களை அப்பா அம்மாவிடம் சொல்ல வராது.

தகாத தொடுதல் பற்றிச் சொன்னால், முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் முழுக்கக் கேளுங்கள். நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். ‘நீ ஏன் அங்க போன?’ என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். மாமியார், மச்சினர் என்று ஒவ்வொருவர் முன்பும் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதும் வேண்டாம். நேராகப் போய் அந்த ஆளின் சட்டையைப் பிடிப்பதும் வழக்கைத்தான் கெடுக்கும். 1098க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இயங்குகிறது, பிள்ளையே கூப்பிடலாம். போக்சோ சட்டப்படி இப்படியொரு குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டியது யாராக இருந்தாலும் கடமை. குடும்ப மானம் என்று மூடி மறைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

போலீஸ் என்றதும் பலர் பின்வாங்குவது, பிள்ளையைக் காக்கிச் சட்டைகளுக்கு நடுவே உட்காரவைக்க வேண்டுமே என்ற பயத்தில். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வைத்து, முடிந்தவரை ஒரு பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயரோ படமோ பள்ளியோ ஊடகத்தில் வரக் கூடாது என்பதும் சட்டம். ஸ்டேஷனுக்கே போக வேண்டியிருந்தால் பகுதிவாரியாக அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் முதலாவது 1992இல் நம் ஆயிரம் விளக்கில்தான் தொடங்கியது.

கடைசியாகப் போன். லேண்ட்லைன் இருந்த காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. இப்போது வீட்டில் விட்டுப்போகிற பழைய ஸ்மார்ட்போனில் பேட்டர்ன் லாக் இருக்கும், அவசரத்தில் பிள்ளைக்குக் கை ஓடாது. லாக் திறக்காமலேயே முகப்பில் இருக்கும் அவசர அழைப்பு வழியாக 112 அடிக்க முடியும் என்பதைக் காட்டிக்கொடுங்கள், அழைப்புப் பொத்தானை மட்டும் அழுத்தாமல். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அந்த ஒரே எண் போதும், ஆம்புலன்ஸுக்கு 108ம் உண்டு. எடுத்தவுடன் அழக் கூடாது, முதலில் முகவரியைச் சொல்ல வேண்டும்: கதவு எண், தெரு, ஏரியா, பக்கத்தில் தெரிகிற கோயிலோ கடையோ. அதை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜில், பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டிவிடுங்கள். ஸ்மார்ட்போனைவிடப் பழைய பட்டன் போன் இதற்கு வசதி. சார்ஜ் நாலைந்து நாள் நிற்கும், யூடியூப் கிடையாது. ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பேலன்ஸ் தீர்ந்துபோனால், அந்தப் போனிலிருந்து அவசர எண்ணுக்குப் போகும், உங்கள் நம்பருக்குப் போகாது.